பச்சை விளக்கு அணையும் முன்

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படிச் செத்தார் என்று கேட்பார்கள். ஜோகுபாளையத்து வீட்டில் சுந்தரம், யார் கொன்றது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். கொன்றவன் பெயரையும் அவரே சொன்னார்.

"என் பையன்தாம்மா. சஞ்சய். அவனே ஒத்துக்கிட்டான். எனக்குத்தான் நம்ப முடியல. நீங்க விசாரிச்சு ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்குக் கருமாதி."

காந்தா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பெண்கள் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து, அதிகாரியோடு சண்டை போட்டு வேலையை விட்டவள். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டியிருந்தாள். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவர்கள்.

அவளுடைய உதவியாள் டெரிக், சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். இரவு ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்கர்களின் பிரிண்டர்களுக்குப் போனிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு நாள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். திரும்பிப் போகவில்லை.

"பொதுவா பசங்க தப்பு பண்ணிட்டு இல்லைன்னுவாங்க, அங்கிள்," என்றான் டெரிக். "உங்க பையன் புது மாடல்."

"டெரிக்."

"சாரி அக்கா."

மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. படத்தில் சுந்தரத்தின் மனைவி அம்புஜம் சிரிக்கவில்லை. ஆதார் கார்டுக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர். அதன் பக்கத்தில் ஸ்டூல் மேல் ஒரு மிஷின், துண்டு போட்டு மூடியிருந்தது.

சுந்தரம் பேசிக்கொண்டே டீ போட எழுந்தார். "நுரையீரல் சுருங்கிப் போச்சு. இனிமே வீட்டுல வெச்சிப் பாத்துக்கங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டான். சஞ்சய் கம்பெனியில இந்த மாதிரி மிஷினுக்குத்தான் புரோகிராம் எழுதுறான். ஆபீஸ்ல கேட்டு ஒண்ணு கொண்டுவந்து வெச்சான். விரல்ல கிளிப்பு மாட்டினா ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு காட்டும். கொறைஞ்சா கத்தும்."

இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தை ஏற்காமல் கீச்சென்று கத்தியது. சுந்தரம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிளக்கைப் பிடுங்கி, அதே வேகத்தில் திரும்பச் சொருகினார். அடுப்பு அடங்கியது.

"அன்னைக்குக் கத்தல. மூக்குல இருந்த டியூப் நழுவியிருக்குது. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவ கையைப் பிடிச்சிக்கிட்டே தூங்கிட்டேன். கத்தியிருந்தா முழிச்சிருப்பேன்." டீயை ஊற்றினார். "ஆபீஸ்ல இருந்து ஓடிவந்த சஞ்சய் அந்த டப்பாவை என்னமோ தட்டித் தட்டிப் பார்த்தான். அப்புறம் எங்கிட்ட வந்து, 'புரோகிராம்ல ஒரு லைன் எழுத மறந்துட்டேம்பா, அதான் கத்தல, என் தப்பு'ன்னான். அன்னையிலருந்து நான் அவங்கிட்ட பேசல."

"நாளைக்குக் காரியம் யார் பண்றது?" காந்தா கேட்டாள்.

"என் தம்பி பையன் உமேஷை வரச் சொல்லியிருக்கேன். அவ உசுரு போகக் காரணமானவன் வெச்ச சோத்தை அவ வாங்குவாளா?" அவர் குரல் இறங்கியது. "ஆனா அவன் பண்ணலைன்னு வெச்சுக்கங்க. பண்ணாத தப்புக்கு, பெத்த மகனை அவ காரியத்துல உக்காரவிடாம செஞ்சேன்னா? அதை அப்புறம் சரி பண்ண முடியுமாம்மா? திரும்ப ஒரு தடவையா செய்யப்போறோம்?"

சஞ்சய் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டுப் பல நாள் ஆனவனின் முகம். வந்தவர்கள் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"கால்பேக்கை நீக்குற லைனை எழுத மறந்துட்டேன், மேடம். டிரைவர் என்னோடது. தப்பு என்னோடது. எழுதிக் குடுக்கணுமா? எங்க கையெழுத்துப் போடணும்?"

"இரு. எனக்குப் புரியல," என்றாள் காந்தா. "டெரிக், தமிழ்ல சொல்லு."

"கிளினிக்னு வெச்சுக்கங்க அக்கா. போனதும் ரிசப்ஷன்ல பேர் குடுக்கிறோம். டாக்டர் வந்தா என்னைக் கூப்புடும்மான்னு. அந்தப் பேர்தான் கால்பேக். மிஷினுக்குள்ள ரிசப்ஷன் ஒண்ணு இருக்குது. சென்சார்கிட்ட பேசுற புரோகிராம், அதாவது டிரைவர், அங்க போய் ரெண்டு பேர் எழுதி வெச்சிருக்குது. ஒருத்தன், நம்பர் மாறினா கூப்புடுன்றான். ஸ்கிரீன்ல காட்டுறது அவன் வேலை. இன்னொருத்தன், நம்பர் கொறைஞ்சா கூப்புடுன்றான். கத்துறது அவன் வேலை. ஒயரைப் பிடுங்கினா ரெண்டு பேரையும் லிஸ்ட்லருந்து அடிச்சிடணும். திரும்பச் சொருகினா திரும்ப எழுதிக்கணும்."

"இவன் அடிக்க மறந்துட்டான்."

"அப்படித்தான் சொல்றாரு."

"அடிக்காம விட்டா என்ன ஆகும்?"

"அலாரம் வராது," என்றான் சஞ்சய், டெரிக்கை முந்திக்கொண்டு.

காந்தா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் பார்த்த குற்றவாளிகள் எல்லாரும் முதலில் போலீஸிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். இவன் ஆதாரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. யாரும் மேற்கொண்டு தேடிவிடக் கூடாது என்பதுதான் அவன் கவலையாக இருந்தது.

ஆட்டோ உல்சூர் சிக்னலில் நின்றபோது டெரிக் தொடையில் தட்டிக்கொண்டான்.

"அக்கா, அவன் சொன்னது தப்பு."

"எது?"

"பேரை அடிக்காம ஆள் கிளம்பிப் போயிட்டான். ரிசப்ஷன் பொண்ணு என்ன பண்ணுவா? காலி நாற்காலியைப் பார்த்துக் கூப்புட்டுக்கிட்டே இருப்பா. அடுத்த ஆளைக் கூப்புட மாட்டா. கிளினிக்கே நின்னுடும். மிஷின்ல அப்படின்னா ஸ்கிரீனே உறைஞ்சு போயிடும். நம்பரும் வராது, ஒண்ணும் வராது. அலாரம் மட்டும் வாயை மூடிக்கிட்டு மத்ததெல்லாம் ஓடணும்னா, அந்தப் பேர் அடிபட்டிருக்கணும். மறந்ததில்ல. அழிச்சது."

"அன்னைக்கு ஸ்கிரீன் ஓடிச்சா நின்னுச்சா?"

"அதைப் பார்த்த நர்ஸ்கிட்டதானே போறோம். என் ஏரியாக்காரி."

ஆஸ்டின் டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் மமதா துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்புஜத்தைப் பகலில் பார்த்துக்கொண்ட நர்ஸ். அவள் டூட்டியில் இருந்தபோது பேஷண்ட் செத்ததால் ஏஜென்சி வேறு வீடு கொடுக்கவில்லை. ஊருக்கு, ஹாசன் பக்கம், கிளம்புகிறாள். அவள் தமிழில் கன்னடம் கலந்திருந்தது.

"நான் மெடிக்கல் ஷாப் போய்ட்டு வந்தேன் மேடம். அம்மா தூங்கறாங்க அன்கொண்டே, அப்படி நெனச்சேன். அங்கிளும் தூங்கறாரு. ஸ்கிரீன் பார்த்தா நம்பர் கீழ கீழ இறங்குது. செவப்பு கலர்ல. சத்தமே இல்ல. டியூப் எடுத்து வெச்சேன், நெஞ்சு அமுக்கினேன், கத்தினேன். ஆகல்லா."

"நம்பர் ஓடிட்டிருந்துச்சு?"

"ஹௌது, ஆமா. என் கண்ணு முன்னால இறங்குச்சு."

டெரிக் காந்தாவைப் பார்த்தான். சஞ்சய் சொன்ன காரணம் அந்த அறையில் செத்தது.

"ஒயரைப் பிடுங்குவீங்களா நீங்க?" காந்தா கேட்டாள்.

"அலாரம் சும்மா சும்மா அடிக்கும் மேடம். அம்மா விரல் மெலிசு, கிளிப் நழுவும். அப்போ ஒயர் எடுத்துட்டுத் திரும்பப் போடுவேன். ஆனா எடுத்ததும் பச்சை லைட் கொஞ்ச நேரம் எரியும். அது ஆஃப் ஆகாம சொருகக்கூடாதுன்னு சஞ்சய் சார் மொதல் நாளே சொன்னாரு. நான் யாவாகலும், எப்பவும், வெயிட் பண்ணுவேன்." அவள் கண்ணைத் துடைத்தாள். "அன்னைக்கு நான் தொடவே இல்ல."

வெளியே வந்ததும் டெரிக் விரல்களை மடக்கி எதையோ எண்ணினான்.

"சொல்லு," என்றாள் காந்தா.

"ஒயரைப் பிடுங்கினதும் பேரை அடிக்கச் சொல்லி ஒரு ஆளை உள்ளே அனுப்புது, அக்கா. ஸ்கிரீன்காரன் பேரை உடனே அடிச்சிடுறான். அலாரம் பேர் கடைசியில இருக்குது. மெதுவா நடந்து போறான். அவன் போய்ச் சேர்ற வரைக்கும்தான் பச்சை லைட். அதுக்குள்ள அவசரப்பட்டுச் சொருகினா என்ன ஆகும்? புதுசா ரெண்டு பேரையும் எழுதிடுது. அப்புறம் நம்ம ஆள் ஆடி அசைஞ்சு போய்ச் சேர்றான். அலாரம்னு ஒரு பேர் இருக்குது. பழசா புதுசான்னு அவன் பாக்கமாட்டான். அடின்னு சொன்னாங்க, அடிச்சிட்டான்." நிறுத்தினான். "நீங்க நாற்காலியில உக்காந்திருக்கீங்க. பேர் குடுத்தாச்சுன்னு நம்பி உக்காந்திருக்கீங்க. யாரும் கூப்புட மாட்டாங்க."

"இது சஞ்சய்க்குத் தெரியும்."

"தெரிஞ்சுதானே லைட்டைப் பாருன்னு சொல்லியிருக்கான்."

"அப்போ ஏன் இந்தத் தப்பைச் சொல்லாம வேற தப்பைச் சொன்னான்?" காந்தா ஆட்டோவுக்குக் கை காட்டினாள். "மறந்துட்டேன்னா அதுக்கு எழுதினவன் ஒருத்தன் போதும். இதுக்கு, அவசரமா ஒயரைப் பிடுங்கிச் சொருகின ஒரு கையும் வேணும். அந்தக் கையை மறைக்கிறான்."

டெரிக் மாடிப்படிக்குக் கீழே சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான். "அழுதா கூட அழகா இருக்காங்க, அக்கா. ஒரு பையன் பொய் சொல்றதுக்கு இதை விடச் சின்னக் காரணமெல்லாம் நான் பார்த்திருக்கேன்."

"அதான் எனக்கும் தோணுது," என்றாள் காந்தா. "அதனாலதான் இன்னொருத்தரைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு பாக்கறேன்."

சுந்தரம் வீட்டுக்கு நேர் கீழே மதலைமுத்து குடியிருந்தார். ராத்திரி ஒரு மாலில் செக்யூரிட்டி வேலை. பகலில் தூக்கம். கதவைத் திறந்ததும், கேட்காமலே தன் பக்க நியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

"நானும் மனுசன்தானே மேடம்? படுத்தா கீ கீன்னு தலைமேல கத்தும். பொறுத்துப் பொறுத்து அன்னைக்குத்தான் ரெண்டு வார்த்தை கேட்டுடலாம்னு படியேறினேன். பாதிப் படியில அந்த நர்ஸு பொண்ணு எதுர்ல இறங்கி வந்துச்சு. மெடிக்கலுக்குப் போறேன் அங்கிள், அம்மாவுக்குத் தூக்கமே இல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கன்னுச்சு. பேசிக்கிட்டே இருக்கும்போது சத்தம் நின்னுபோச்சு. சரி போகட்டும்னு இறங்கி வந்து படுத்துட்டேன். ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்." அவர் முகம் கோணியது. "நான் தூங்கிட்டிருந்த நேரத்துலதான் மேல அந்தம்மா... என்ன எழவு தூக்கம் அது."

"சத்தம் நின்னப்போ நர்ஸ் உங்க முன்னால நின்னா?"

"இதோ, நீங்க நிக்கிற மாதிரி."

காந்தா நன்றி சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தாள். இரண்டு படி ஏறி நின்றாள். டெரிக் பின்னாலேயே நின்றான்.

"அப்போ நர்ஸ் இல்ல," என்றான். "சஞ்சய் ஆபீஸ்ல. மேல வேற யாரு அக்கா? அந்தம்மாவே பிடுங்கியிருக்க முடியாது."

"காலைல நமக்கு டீ போட்டுக் குடுத்தாரே. எப்படிப் போட்டாரு?"

"சக்கரை ஜாஸ்தி."

"அடுப்பு கத்திச்சு டெரிக். என்ன பண்ணாரு?"

டெரிக்கின் கை தானாகவே எழுந்தது. காற்றில் ஒரு பிளக்கைப் பிடுங்கி, அதே வேகத்தில் திரும்பச் சொருகியது. பிறகு அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஐயோ, இயேசுவே," என்றான்.

மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. சஞ்சய் அதே இடத்தில் இருந்தான். காந்தா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"பச்சை லைட்டைப் பத்தி நர்ஸ்கிட்ட சொன்னே. அப்பாகிட்ட சொன்னியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அழுகை சத்தமில்லாமல் வந்தது.

"சொல்லல மேடம். காலம் பூரா ஃபேக்டரியில மிஷின் ஓட்டினவரு. ஏதாவது சொன்னா, எனக்கே கத்துக் குடுக்கிறியாடான்னு கோவிச்சுப்பாரு. கத்தினா பிடுங்கிச் சொருகுங்கப்பான்னு மட்டும் சொன்னேன். மத்ததை அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த டிரைவரைத் திருத்துறது ரெண்டு நாள் வேலை. அடிச்சு முடிக்கிற வரைக்கும் புதுசா எழுத விடக்கூடாது, அவ்ளோதான். அடுத்த வாரம் பண்ணலாம்னு விட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "வந்து மிஷினைப் பார்த்ததும் புரிஞ்சிடுச்சு. அலாரம் பேர் மட்டும் இல்ல. அது ஒரே ஒரு விதத்துலதான் காணாம போகும். யாரும் பாக்கறதுக்கு முன்னால, அந்தத் தடயம் போகட்டும்னு, ஒயரைக் கழட்டி, லைட் அணைய விட்டு, திரும்ப மாட்டினேன். நான் பொய் சொல்லல. தப்பு என்னோடதுதான். வேற தப்பைச் சொன்னேன்."

"நாளைக்கு உன்னை உக்காரவிட மாட்டாரு. தெரியுமா?"

"தெரியும். உமேஷ் பண்ணட்டும். என்மேல கோவம் இருக்கிற வரைக்கும் அவரு எழுந்திருப்பாரு, என்னைத் திட்டுறதுக்காவது ரெண்டு வாய் சாப்பிடுவாரு. உண்மை தெரிஞ்சா அதோட முடிஞ்சது. சொல்லிடாதீங்க மேடம்."

டெரிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். கீழே பந்தல்காரர்கள் நாளைக்கான நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

சுந்தரம் படத்துக்கு முன்னால் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். காந்தா உள்ளே வந்ததும் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"ஆமாவா, இல்லையா?"

"இல்லை. உங்க பையன் பண்ணல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள் இறங்கியது.

"அப்போ எதனாலம்மா கத்தல?"

"மிஷின் கோளாறு," என்றாள் காந்தா. படியிறங்கும்போதே தயார் செய்துவைத்த பதில். "கம்பெனி மிஷின். சில சமயம் அப்படி ஆகுமாம்."

"ஆமா அங்கிள்," என்றான் டெரிக். "எலக்ட்ரானிக் சாமான். நம்ப முடியாது."

"சரி. மிஷின் கோளாறுன்னா அவன் ஏன் தன் தலையில போட்டுக்கிட்டான்?"

டெரிக் காந்தா பக்கம் திரும்பினான். அவள் ஏட்டாக இருந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒன்றுகூடக் கைகொடுக்கவில்லை.

சுந்தரம் ஸ்டூலிடம் போனார். துண்டை எடுத்தார். ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு இது நிக்காம கத்திச்சு. ராத்திரியெல்லாம் அவளுக்குத் தூக்கம் இல்ல. அந்தச் சத்தத்தை நிறுத்துங்களேன்னா. கண்ணுல தண்ணி. பிடுங்கிச் சொருகினேன். நின்னுச்சு. நம்பர் வந்துச்சு, சரியாத்தான் இருக்குதுன்னு பார்த்தேன். 'அப்பாடா'ன்னு கண்ணை மூடினா. அதான் அவ கடைசியா பேசினது."

கிளிப்பைத் திறந்து மூடினார்.

"அந்த நர்ஸு பொண்ணு பிடுங்கிட்டு, பச்சை லைட்டைப் பார்த்துக்கிட்டே நிப்பா. எதுக்கு நிக்கிறேன்னு நான் ஒரு நாளும் கேக்கல." ஒயரைச் சுருட்டி மிஷின் மேல் வைத்தார். "அதுவாம்மா?"

காந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

கட்டிலைப் பிடித்து உட்காரப் போனார். அங்கே கட்டில் இல்லை, சாவன்றே எடுத்துவிட்டார்கள். சுவரில் கையூன்றி நின்றார். டெரிக் பிடிக்க வந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நான் கண்டுபிடிச்சது அவனுக்குத் தெரிய வேணாம்மா," என்றார். "மிஷின் கோளாறுன்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பிட்டேன். அவ்ளோதான்."

"சரிங்க," என்றாள் காந்தா.

அவர் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினார். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. துண்டால் துடைத்துக்கொண்டு வந்து படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சஞ்சய்! இறங்கி வா. மேடம் எல்லாம் விசாரிச்சுட்டாங்க. மிஷின்தான் கோளாறாம். உன் மேல ஒண்ணும் இல்லியாம். நீ பாட்டுக்கு எதையாவது நெனச்சுக்கிட்டு... இறங்கி வாடா. காலைல காரியத்துக்கு நீதான் உக்காரணும். சாப்பிட்டுட்டுப் படு."

மேலே காலடிச் சத்தம் கேட்டது. சஞ்சய் கதவருகே வந்து நின்று காந்தாவைப் பார்த்தான். அப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று அந்தக் கண்கள் கேட்டன. ஒன்றும் சொல்லவில்லை என்று காந்தா தலையசைத்தாள். அவன் நம்பினான்.

உறவுக்காரர்கள் கொண்டுவந்து வைத்திருந்த சோற்றை சுந்தரம் தட்டில் போட்டார். சாம்பாரை ஊற்றினார். கொஞ்சம் தரையில் சிந்தியது. சஞ்சய் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"உப்பு சரியா இருக்குதா பாரு."

"இருக்குதுப்பா," என்றான் சஞ்சய். இன்னும் ஒரு வாய்கூட அவன் எடுத்து வைக்கவில்லை.